எட்டாம் நம்பர் கால்

ஆம்பூரில் எட்டாம் நம்பர் செருப்புப் போடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் எட்டாம் நம்பர் கால் என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது தன் புருஷன் ஆதிகேசவனுடைய கால்தான் என்பதில் அமிர்தவள்ளிக்கு இருபத்தாறு வருஷமாகச் சந்தேகமே வந்ததில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. பைபாஸ் பக்கம் உள்ள ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் அவருக்கு வேலை. புது மாடல் எது வந்தாலும் முதல் ஜோடியை எட்டாம் நம்பரில்தான் தைப்பார்கள். ஆதிகேசவன் அதைப் போட்டுக்கொண்டு நாலடி நடப்பார், நிற்பார், நுனிக்காலில் எம்புவார், வலது குதிகாலில் திரும்பி வருவார். வந்து, "கட்டவெரல் கிட்ட ரெண்டு எம்எம் பிடிக்குது" என்பார். அவர் சரி என்று தலையாட்டினால்தான் இருபதாயிரம் ஜோடி கப்பல் ஏறும்.

அப்பேர்ப்பட்ட காலுக்கு வீட்டில் நடந்த ராஜ உபசாரத்தைச் சொல்லி மாளாது. தினம் தேங்காய் எண்ணெய். வெறுங்காலோடு வாசல் தாண்டக் கூடாது. கேஸ் சிலிண்டரை அவர் தொடவே மாட்டார், தவறிக் காலில் விழுந்துவிட்டால் கம்பெனி என்ன ஆவது? அதனால் உருட்டுவது அமிர்தவள்ளி. ஒருமுறை கால் நகம் உள்ளே வளர்ந்து வீங்கியபோது மானேஜரே சாத்துக்குடியோடு வந்துவிட்டார். அமிர்தவள்ளிக்கு டைபாய்டு வந்தபோது வராத மானேஜர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாம்பிள் ஓகே ஆனபின் கம்பெனி அவருக்குக் கொடுத்த ஷூக்கள் இருபத்துமூன்று ஜோடி வீட்டில் இருந்தும், மனிதர் தெருவில் போட்டு நடந்தது நீல வார் போட்ட ஒரு ரப்பர் செருப்பைத்தான். ஷூவைத் தேய்த்துவிட்டால் அப்புறம் பார்க்க அழகாக இருக்காதாம். ஷூக்கள் இரும்பு ஷெல்பில் டப்பாவோடு கொலுவிருந்தன.

போன தை மாதம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

முதல் மாதம் அமிர்தவள்ளி அழுதாள். இரண்டாவது மாதம் பீரோவைத் திறந்தாள். சட்டை பேண்டெல்லாம் விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயின. குடியாத்தம் லுங்கிகளை அவள் தம்பி அன்பரசன் எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லாமலே மடித்து மடித்துக் கொடுத்தாள். பார்த்தவர்கள் கெட்டிக்காரி என்றார்கள். ஷெல்ப் பக்கம் வந்தபோதுதான் வண்டி நின்றுவிட்டது.

தரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. கால் சரியாக இருந்தால்தான் தருவேன் என்றாள். சேராத காலை ஒரு ஷூவுக்குள் நுழைப்பது அவருக்குப் பிடிக்காதாம். அதற்கு ஒரு பரீட்சையும் வைத்திருந்தாள். சாம்பிள் ரூமில் ஆதிகேசவனின் வலது காலை ஓர் அட்டையில் நிற்கவைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருந்தார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட அந்த அட்டை ஷெல்பின் மேல்தட்டில் இருந்தது. கேட்டு வருகிறவர்கள் அதன்மேல் கால் வைக்க வேண்டும். கோடு தாண்டினால் கிடையாது, கோட்டுக்கு உள்ளே இடம் மிச்சமிருந்தாலும் கிடையாது.

அன்பரசன் தன் கால் எட்டுதான் என்று சத்தியம் செய்து அட்டையில் ஏறி நின்றான். சுண்டுவிரல் கோட்டைத் தாண்டி அடுத்த ஊரில் இருந்தது. விரலை மடக்கிக்கொண்டு சமாளித்தவனை, லுங்கி வாங்கினாய் அல்லவா, அதோடு போ என்று அனுப்பிவிட்டாள். மேல்மாடிக்காரர் வந்தார், ஒல்லிக் கால். கறிக்கடைக்காரர் வந்தார், புறங்கால் மேடு. இப்படிப் பதினோரு பேர் தோற்றார்கள். ஒவ்வொருவர் தோற்றபோதும் அமிர்தவள்ளி ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்வாள். மனசுக்குள் ஒரு டம்ளர் மோர் குடித்த சுகம் இருக்கும். கொடுப்பதற்காக வைத்த பரீட்சை இல்லை அது என்று அவளுக்கே தெரியும்.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் நிஷா மட்டும் ஏமாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோணிச் சாக்கோடு வருகிறேன், நீ கொடுக்காவிட்டால் நான் மொத்தமாக வேலூரில் ஓர் இல்லத்தில் இறக்கிவிடுகிறேன், அவர்கள் யார் காலுக்கு வேண்டுமானாலும் போடட்டும் என்று போனில் சொல்லிவிட்டாள். அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை நசீர் அகமது தண்ணீர் கேன் கொண்டுவந்தான். முப்பத்தைந்து வயசுக்காரன், இரண்டு மாடி ஏறி, செருப்பை வாசலில் விட்டு, கேனைச் சமையலறையில் இறக்கிவிட்டுப் போவான். அன்றைக்குக் கேன் மூடி கசிந்து அவன் காலெல்லாம் ஈரம். அவன் போன வழியில் டைல்ஸில் வரிசையாக ஈரக் காலடி. துடைக்கத் துணியோடு குனிந்த அமிர்தவள்ளி குனிந்தபடியே நின்றுவிட்டாள். குளித்துவிட்டு வருகிற ஆதிகேசவனின் காலடியை அவள் இதே டைல்ஸில் எத்தனையோ நாள் திட்டிக்கொண்டே துடைத்திருக்கிறாள்.

வாய் தானாக அவனைக் கூப்பிட்டது. அட்டையைக் கீழே போட்டு, கால் வை என்றாள். வைத்தான். கட்டைவிரல் முதல் குதிகால் வரை பென்சில் கோடு அவன் காலைச் சுற்றி ஓடியது. தாண்டவும் இல்லை, மிச்சமும் இல்லை. மரக்கலர் ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"எனக்குன்னே தெச்சா மாதிரி கீதுக்கா" என்றான் நசீர்.

அமிர்தவள்ளிக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. ஆதிகேசவன் செத்துப்போனது ஒரு பக்கம், அவர் காலைப் போல இன்னொரு கால், அதுவும் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு, இத்தனை நாள் தன் வீட்டுக்குள்ளேயே நடந்து போய்க்கொண்டிருந்தது இன்னொரு பக்கம்.

"இல்ல நசீரு. குதிகால்ல லூசா கீது. கழட்டு."

அவன் குனிந்து பார்த்தான். குதிகாலில் விரல் விட்டுப் பார்த்தான், விரல் போகவில்லை. கழற்றித் துடைத்து டப்பாவிலேயே வைத்துவிட்டு, காலி கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மறுபேச்சுப் பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் இல்லை, ஆனால் ஒரு காலைப் பார்த்துப் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை சாமுவேல் வந்தான். சாம்பிள் ரூமில் ஆதிகேசவனுக்குப் பக்கத்து மேஜை. அவர் போட்டுச் சொல்வதைக் கேட்டு ஷூ தைக்கிற கால் அச்சைத் திருத்துகிறவன் அவன்தான். காபியைக்கூடக் குடிக்காமல் கதையைச் சொன்னான். அண்ணன் போனபின் சூப்பர்வைசர் ஒருவரின் காலை வைத்துப் பார்த்தார்களாம். புறங்கால் உயரம். ஷூ வாங்குகிற ஜெர்மன்காரன் சாம்பிளை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை அவர்கள் ஆளே வருகிறார்.

"சாம்பிள் ஓகே ஆகாம தோல் கட்டிங் நின்னுபோச்சு அண்ணி. லைன்ல பொம்பளைங்க ரெண்டு நாளா சும்மா உக்காந்துனு கீறாங்க. அந்த அட்டைய குடுங்க, அதே அளவுல யாருனா கெடைக்கிறாங்களான்னு தேடுறோம்."

அமிர்தவள்ளி அட்டையை எடுத்துக் கொடுத்தாள். சாமுவேல் அதை வெளிச்சத்தில் பிடித்தான். பென்சில் கோட்டுக்குள், கச்சிதமாக, ஈரமும் தெருப் புழுதியும் சேர்ந்து காய்ந்த ஒரு காலடி இருந்தது. ஐந்து விரலும் எண்ணுகிற மாதிரி.

 சாமுவேல் அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினான். "அண்ணன் காலு" என்றான்.  "அவருதுதான அண்ணி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சாமுவேல் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவான். உலகத்தில் ஒரே ஓர் எட்டாம் நம்பர் கால் இருந்தது, அது போய்விட்டது என்று ஆம்பூரே சொல்லும். நாளைக்கு நிஷா வந்தாலும் இதைச் சொல்லியே ஷெல்பைக் காப்பாற்றிவிடலாம். அமிர்தவள்ளி வாயைத் திறந்தாள். புழுதிக் காலோடு வாசல் தாண்டாத மனிதனின் பேரில் அந்தப் புழுதியை எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

"அது அவர் காலு இல்ல சாமுவேலு" என்றாள். "தண்ணி கேன் போடுற நசீர் காலு."

நசீருக்குப் போன் போட்டபோது எத்தனை கேன் என்று கேட்டான். கேன் வேண்டாம், காலை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்றாள். பத்து நிமிஷத்தில் வந்தான். லூஸான கால் இன்றைக்கு எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவளே, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்டா என்றாள். "தெரியும்க்கா" என்றான் நசீர், அவ்வளவுதான்.

சாமுவேல் மரக்கலர் ஷூவை மாட்டிவிட்டு, கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினான், புறங்காலைத் தட்டினான், குதிகாலில் விரல் விட்டுப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, நட என்றான்.

அமிர்தவள்ளி சமையலறைக்குப் போய்க் குழாயடியில் திரும்பி நின்றுகொண்டாள். அந்த ஷூவுக்குள் அந்தக் கால் நடந்தால் எந்தச் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். நாலடி, ஒரு நிறுத்தம், ஓர் எம்பல், வலது குதிகாலில் ஒரு திருப்பம். மாடிப்படியிலும் அப்படித்தான் வருவார். அந்தச் சத்தம் இப்போது வந்தால் தன்னால் தாங்க முடியாது என்று நினைத்தாள். வராவிட்டாலும் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

தொம் தொம் தொம் தொம் என்று கேட்டது. தோளில் இருபது லிட்டர் இருக்கிற மாதிரி ஒரு பக்கம் அழுத்தி, நிற்காமல், வாசல்வரை போய், அங்கே சட்டென்று திரும்பி, அதே வேகத்தில் வந்தது. வேறு யாரோ நடக்கிற சத்தம். கண்ணில் தண்ணீர் ஊற்றியது, ஆனால் நெஞ்சில் நாலு மாதமாக உட்கார்ந்திருந்தது எதுவோ எழுந்து இடம் விட்டது. அவரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது போலிருக்கிறது.

வெளியே சாமுவேல், கால் அச்சு அசல், நடைதான் பேஜார், அண்ணன் நடந்த மாதிரி பழக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அமிர்தவள்ளி முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கால வேணும்னா எடுத்துக்குங்க. நடைய மட்டும் மாத்தாதீங்க. அவன் நடைய அவனே நடக்கட்டும்" என்றாள். சாமுவேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி அண்ணி என்றான்.

நசீர் ஷூவைப் பார்த்துக்கொண்டே, இந்தக் காலில் அப்படி என்ன அதிசயம் என்று கேட்டான். "எங்க வூட்ல அண்ணன் தம்பி அஞ்சு பேருக்கும் இதே காலுதான்க்கா. யார் முன்னாடி எழுந்துக்கிறானோ அவன் நல்ல செருப்பை மாட்டினு போயிடுவான்."

அமிர்தவள்ளி சிரிக்க ஆரம்பித்தாள். உலகத்திலேயே ஒரே கால் என்று காவல் காத்தால், பின்தெருவில் ஒரே வீட்டில் ஐந்து ஜோடி. சாமுவேலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று போதும் என்று தேடி வந்தவனுக்கு நாலு உபரி. ஆதிகேசவன் இருந்திருந்தால் இந்தச் செய்தியைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அவள் சொன்னபோது மூவரும் இன்னும் சிரித்தார்கள். சாயங்காலம் நசீரின் தம்பி லோடு ஆட்டோ கொண்டுவந்தான். இருபத்துமூன்று டப்பாவும் கீழே இறங்கின. ஒவ்வொன்றாக அமிர்தவள்ளியே எடுத்துக் கொடுத்தாள். பத்துப் பத்து அடிக்குமேல் நடக்காத ஷூக்கள், அத்தனையும் புதுசு.

ஞாயிற்றுக்கிழமை நிஷா நாலு சாக்கோடும் ஒரு சண்டைக்குத் தயாராகவும் வந்தாள். காலி ஷெல்பைப் பார்த்ததும் சாக்கைக் கீழே போட்டுவிட்டாள். துடைத்து வைத்த இரும்புத் தட்டில் ஒரே ஒரு ஜோடி மட்டும் இருந்தது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. வலது குதிகால் தேய்ந்து தேய்ந்து, அந்த இடத்தில் தரை தெரிகிற அளவுக்கு ஓட்டை.

"இத யாரும் வாங்கிக்கலயாம்மா?" என்றாள் நிஷா.

"நான் குடுக்கல" என்றாள் அமிர்தவள்ளி. "மத்ததெல்லாம் கம்பெனியோடதுடி. உங்கப்பாவோடது இது ஒண்ணுதான்."