ஒவ்வாமை: இல்லை

கிரிஜாவுக்கு அந்த அகராதியை நினைத்தாலே கொட்டாவி வந்தது. வார்த்தைக்குப் பொருள் சொல்லும் அகராதி என்றாலும் பரவாயில்லை, இது தரவு அகராதி. ஒரே நிர்வாகத்தின் மூன்று மருத்துவமனைகள், மூன்று விதமான சிஸ்டம். ராமச்சந்திராபுரத்தில் எல்லாம் கட்டம் போட்ட அட்டவணை. மல்லாபூரில் ஆளுக்கொரு கோப்பு. இருப்பதை மட்டும் எழுதுவார்கள். செகந்திராபாத்தில் நோயாளி, டாக்டர், மருந்து எல்லாவற்றையும் கோடிழுத்து இணைத்த வலை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேச நடுவில் அவள் எழுதும் ஒரு அகராதி. மாதக்கணக்கில் மீட்டிங் மேல் மீட்டிங் போட்டு இழுத்தடித்து, இன்று மாலை ஒருவழியாக ஓடவிடப் போகிறார்கள். அதற்கப்புறம் தூங்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளிடம் மிச்சமில்லை.

கடைசிச் சோதனைக்குத் தன் பெயரையே போட்டாள். போன மழையில் கால் பிசகி ராமச்சந்திராபுரம் போனாளே, அந்தப் பதிவு வந்தது.

'ஒவ்வாமை: இல்லை.'

சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி, பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. ராமச்சந்திராபுரத்தில் அதை யாரும் கேட்கவில்லை, கட்டம் காலியாகவே கிடந்தது. மல்லாபூர் கோப்பில் எழுதவில்லை என்றால் இல்லை என்று பொருள். அந்த விதியையே ராமச்சந்திராபுரத்து அட்டவணைக்கும் வைக்கலாம் என்று, மத்தியானச் சாப்பாடு முடிந்த ஒரு மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள். அவளும்தான்.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஸ்ரீனிவாசன் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி, பேச்சில் தக்கினி எட்டிப்பார்க்கும். "நக்கோ கிரிஜா, வேண்டாம், இப்போ கை வைக்காதே. ஓடட்டும், அப்புறம் திருத்திக்கலாம்."

"அதுக்குள்ள யாருக்காவது ஊசி போட்டுட்டா?"

"டாக்டர் கேட்பாரும்மா."

"ஸ்கிரீன்லயே இல்லைன்னு இருந்தா எதுக்கு சார் கேட்கப் போறார்?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏதாவது மருந்து ஆகாதா சார்?"

"சல்ஃபா. வாயெல்லாம் புண்ணாயிடும். ஏன்?"

"ராமச்சந்திராபுரத்துல எப்பவாவது காட்டியிருக்கீங்களா?"

"காய்ச்சலுக்கு ஒருதரம்." கொஞ்சம் தயங்கினார். "என்னோடதைப் போடு."

வந்தது. அதே இரண்டு வார்த்தை. ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு போனை எடுத்து, இன்று ஓடவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"'கேட்கலை'ன்னு தனியா ஒண்ணு வேணும். அவ்வளவுதானே?"

"ஒவ்வாமைக்கு மட்டுமில்ல சார். காலியா இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும்."

"ஹவ், ஆமா," என்றார் தளர்ந்துபோய். "அப்போ முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து."

ஜெயித்தது அவள்தான். அழுகைதான் வந்தது.