சத்தியநாதன் அடுக்கிய வரிசை

சத்தியநாதன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன். டெஸ்ட் கிரிக்கெட்டில் மிகப் பெரிய ஆல்ரவுண்டர் யார் என்று எண்பத்தாறாம் வருஷம், சேப்பாக்கத்தில் மேட்ச் பார்த்துவிட்டுத் தாம்பரம் திரும்பும் மின்சார ரயிலில் எனக்கும் அவனுக்கும் சண்டை ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவன் மனைவி தபீதாள் இறந்து, எங்கள் இருவருக்கும் சர்க்கரையும் வந்துவிட்டது. சண்டை மட்டும் முடியவில்லை. அன்றைக்குக் கபில்தேவ் அடித்த நூற்றுப் பத்தொன்பதை என் பக்கத்தில் நின்று கை வலிக்கத் தட்டிப் பார்த்தவன்தான். ரயில் ஏறியதும், "நல்லாத்தான் ஆடினான். ஆனா சோபர்ஸ் கால் தூசிக்கு வருவானா?" என்றான். சோபர்ஸ் ஆடி நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

அவன் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவன். எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பான். பேட்டிங் சராசரியிலிருந்து பௌலிங் சராசரியைக் கழி, மிச்சம் வருவதுதான் ஆளுடைய தரம் என்பான். அந்தக் கணக்கில் சோபர்ஸ், காலிஸ், இம்ரான், போத்தம், கடைசியில் கபில். கபிலுக்கு மிச்சம் ஒன்றரைகூட வராது என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும் பாருங்கள், எனக்கு வயிறு எரியும். துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் செத்த பிட்சில் ஓடி ஓடி வீசினானே, அது உன் கழித்தல் கணக்கில் எங்கேடா வருகிறது என்று நான் கத்துவேன். என் வரிசை வேறு. கபில், சோபர்ஸ், இம்ரான், போத்தம், கடைசியில் காலிஸ். காலிஸை நான் பிக்சட் டெபாசிட் என்றுதான் சொல்வேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் ஹார்டுவேர் கடையை மகன் குமரவேலிடம் விட்டுவிட்டு, தினம் காலையில் கிழக்குத் தாம்பரத்தில் அவன் வீட்டுக்குப் போவேன். முகம் சவரம் செய்துவிடுவேன். பேப்பர் படித்துக் காட்டுவேன். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். முப்பத்தெட்டு வருஷமாக என் பேச்சுக்கு ஒரு தடவைகூடத் தலையாட்டாதவன் அப்படி ஆட்டுவதைப் பார்க்கச் சகிக்காது.

கனடாவிலிருந்து வந்திருந்த அவன் மகன் ஜாய்சனுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு லீவு முடிகிறது. நல்ல பையன். இளைத்துப் போயிருந்தான். கீழ்க்கட்டளையில் ஒரு முதியோர் ஹோம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

"ஆள் வெச்சு இங்கயே பாத்துக்கலாம் ஜாய்சா. நான் தினம் வரேன்ல?" என்றேன்.

"வர்ற ஆள் அப்பாவ அடிச்சாக்கூட அவரால சொல்ல முடியாது அங்கிள். அவருக்குப் புரியுதுன்னா அவர்கிட்டயே கேட்டு அவர் இஷ்டப்படி செய்வேன். வீட்ல இருக்கீங்களான்னா தலையாட்டறார். ஹோமுக்குப் போறீங்களான்னா அதுக்கும் ஆட்டறார். உங்க பேர் தபீதாளான்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டறார். டாக்டரும் சொல்றதுக்கில்லன்னுட்டார்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

"அஞ்சு ஆல்ரவுண்டர் படத்த பிரிண்ட் எடுத்துனு வா. உங்கப்பன அடுக்கச் சொல்லுவோம். தலைகீழா கட்டித் தொங்கவிட்டாலும் சோபர்ஸத்தான் மொதல்ல வெப்பான், கபில கடைசில வெப்பான். அப்படி வெச்சா உள்ள ஆள் கீறான்னு அர்த்தம்."

"மாத்தி வெச்சா அங்கிள்?"

"மாத்தி வெச்சா நானே அவன வண்டில ஏத்தி வுடறேன்."

ஜாய்சன் ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து வந்தான். அவனும் அந்த வரிசையைக் கேட்டே வளர்ந்தவன். சண்டை அவன் தூளியில் கிடந்த காலத்திலும் நடந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் சவரம் செய்யும்போது பிளேடு வழுக்கி, சத்தியநாதன் தாடையில் லேசாகக் கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். அவன் எதிரில் அழவே கூடாது என்று ஆறு வாரமாக வைத்திருந்த வைராக்கியம் போயிற்று. அவன் இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அழுது முடிக்கும்வரை விடவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்து, அவன் மடியில் ஒரு பலகையை வைத்து, படங்களைக் கலைத்துப் பரப்பினேன். ஜாய்சன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"டேய் சத்தியா, டெஸ்ட்ல யார்டா பெரிய ஆல்ரவுண்டர்? வரிசையா அடுக்கு பாப்போம்."

அவன் கண்கள் ஒவ்வொரு படமாகப் போயின. இடது கை மெதுவாக நகர்ந்து சோபர்ஸை எடுத்தது. ஜாய்சனைப் பெருமையாகப் பார்த்தேன். திரும்பினால், சத்தியநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சோபர்ஸைக் கீழே வைத்தான். கபிலை எடுத்து முதலில் வைத்தான். அடுத்து சோபர்ஸ். இம்ரான். போத்தம். கடைசியாகக் காலிஸை வைத்து, கோணாமல் விரலால் நேராக்கினான்.

அது என் வரிசை. மேலிருந்து கீழ்வரை என்னுடையது. வாயின் இடது ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டு அவன் சிரித்தான். எனக்குத் தருவதற்கு அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. இருந்த ஒன்றைத் தந்துவிட்டான்.

"அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இல்ல அங்கிள்" என்றான் ஜாய்சன்.

"ஐயோ, இது என் லிஸ்ட்டுடா! எனக்காக வெச்சிருக்கான். அஞ்சும் அப்படியே என்னுது. புரியாதவன் இத வெப்பானா?"

"நீங்கதானே சொன்னீங்க, மாத்தி வெச்சா..."

"சொன்னேன்டா. எனக்கு வுட்டுக் கொடுப்பான்னு நான் எங்கடா கண்டேன்?"

"கபிலக் கடைசில வெச்சிருந்தா புரியுதுன்னு சொல்லியிருப்பீங்க. முதல்ல வெச்சதுக்கும் புரியுதுன்னு சொல்றீங்க." அவன் கோபமாகச் சொல்லவில்லை.

படங்களைக் கலைத்தேன். "டேய், உன் லிஸ்ட்ட வைடா. உன்னுத. சோபர்ஸ் மொதல்ல. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்டா." என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. சத்தியநாதன் தலையாட்டினான். கை களைத்திருந்தும், மறுபடியும் கபிலை எடுத்து முதலில் வைத்தான். சோபர்ஸ். இம்ரான். நான் உபசாரத்துக்கு மறுக்கிறேன் என்று நினைத்திருப்பான். எங்கள் சண்டையில் அவன் எப்போதாவது விட்டுக்கொடுத்திருந்தால், அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. சொன்னபடி நானும் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினேன். கீழ்க்கட்டளையில் ஹோம் வாசலிலேயே சக்கர நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்தார்கள். மேஜையில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். 'சொல்வது புரியுமா' என்ற இடத்தில் ஜாய்சன் 'இல்லை' என்று எழுதியிருந்தான். கீழே உள்ளூர்ப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

"இத நான் எப்படிம்மா போடறது? அவனுக்குப் புரியும்மா."

"பொறுப்பாளர் இல்லாம அட்மிஷன் கிடையாது சார். கையெழுத்துப் போட்டவங்களத்தான் தினம் உள்ள விடுவோம்."

மறுநாள் காலை அவனுக்குச் சவரம் செய்ய ஆள் வேண்டும். நான் பேனாவை வாங்கினேன். சத்தியநாதன் கழுத்தை நீட்டி, ஜாய்சன் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.