காதுக்குப் போன கை

இருங்காட்டுக்கோட்டை கம்பெனி ஒன்றில் தணிகாசலம் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தால்தான் தானும் ஒரு ஆள் என்று அவருக்கே தோன்றும். வருஷாந்தர மெடிக்கல் செக்கப்பில் பிரஷர் ஏறியிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டப் போகவேண்டியதுதான்.

மாத்திரை எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் மாத்திரை தின்றால் கிழவனாம், ஊசி குத்திக்கொண்டால் வீரனாம். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பென்னலூரில் அக்குபஞ்சர் பார்க்கும் சுகப்பிரியாவிடம் போனார்.

"மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்கண்ணா. இது அதுக்குத் தொணைதான்" என்றாள் அவள். பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினார்.

ஊசியோடு படுத்தால் வருகிற தூக்கம் இருக்கிறதே, கண்ணுங்களா! "சரக்கு அடுக்கற பேலட் எங்க?" என்று யாரும் கேட்காத தூக்கம். எழுந்தவருக்கு நோயே போய்விட்டது போலிருந்தது. மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மெடிக்கலுக்கு முந்தின நாள் சுகப்பிரியா இரண்டு காதிலும் கடுகளவு விதை வைத்து டேப் ஒட்டினாள். "டென்ஷனானா லேசா அமுக்குங்க."

மறுநாள் நர்ஸ் அமலா பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்ததுமே தணிகாசலத்தின் கைகள் காதைத் தேடின. பதற்றத்தில் அவை பழகிய வழியில்தான் போயின: பிள்ளையார் முன்னால் போகிற அதே வழி. வலது கை இடது காதில், இடது கை வலது காதில். முழங்காலும் பாதி மடங்கியதுதான் கொடுமை.

வரிசையில் நின்ற வனமாமலை விடுவானா? "இன்னா தணிகா, நர்ஸம்மாவுக்கே தோப்புக்கரணமா? போடு, நான் எண்றேன்!"

ரூமே சிரித்தது. சிரிப்பு அடங்கி, ஆற அமர உட்கார வைத்துப் பார்த்தும் பிரஷர் இறங்கவில்லை.

"மாத்திரை போடறீங்களா?"

காதைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "நிறுத்திட்டேம்மா. நானே டாக்டராயிட்டேன்."

சாவி போயிற்று. பெட்டி ஒட்டினார். சுகப்பிரியாவோ, காலியான மாத்திரை அட்டையைக் காட்டினால்தான் ஊசியையே கையில் எடுத்தாள்.

மறுபடி செக்கப் வந்தபோது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

"ஒரு கையாவது குடுங்கண்ணா, பட்டை கட்டணும்" என்றாள் அமலா.

இறங்கியிருந்தது. மாத்திரையாலா, ஊசியாலா, தூக்கத்தாலா? தணிகாசலம் இந்தத் தடவை எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார்.

லோடிங்கில் வனமாமலை குறுக்கே நின்றான். "தணிகா, காது பத்திரமா?"

"ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் கீது. வழி வுடுப்பா!"