நாற்பத்தோரு படிகள்

அன்று அறையில் இருந்தவர்கள்: பதிப்பகத்து ஆசிரியர் அம்மா, மருந்துக்கடைக்காரர், கணக்கு டீச்சர், ‘வாயாடி’ என்று எல்லாரும் கூப்பிடும் கல்லூரிப் பெண், என் தங்கை, கதவோரம் ஸ்டூலில், அங்கே இரவுக் காவலாளியான நான். கதையை எழுதிய அம்மையார் வரவில்லை. வர முடியாத நிலை.

கோபுரத் தொடரின் ஏழாவது, கடைசிப் புத்தகம் அது. அச்சுக்குப் போகும் முன் நான்கு பேருக்கு மட்டும் பிரதி கொடுத்திருந்தார்கள். மூவர் பழைய வாசகர்கள். நான்காவது, அங்கே பிழை திருத்தும் என் தங்கை. யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது. மூன்று வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைத்தவளுக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும்.

அவள் அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்ததை, கேட்காமல் எடுத்து, இரண்டு இரவுக் காவலில் படித்து முடித்தேன். கோபம் தாங்கவில்லை. வாசகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் பொய்ப் பெயரில் எழுதினேன்: ‘ஆறு புத்தகம் காத்திருந்தோம். நாயகி நாற்பத்தோரு படி ஏறிப் போய் எல்லாரையும் மறந்துவிடுகிறாள். முதல் படியிலேயே விழுந்து செத்திருக்கலாம்.’

விடிவதற்குள் ஆயிரம் பேர் அதைப் பரப்பியிருந்தார்கள். ஒருவன் எழுத்தாளரின் வீட்டு முகவரி கேட்டான். இன்னொருவன் கொடுத்தான். அழித்துப் பார்த்தேன். பயனில்லை.

பகல் காவலாளி விடுப்பு. அதனால் அந்த மதியம் என்னை உட்கார வைத்தார்கள்.

“மனசுல பட்டதைச் சொல்லுங்க. கோபுரம் ஏறுற இடம் எப்படி?” என்றார் ஆசிரியர் அம்மா. கையில் பென்சில்.

“போர் மேடம்,” என்றாள் வாயாடி. “பத்தொம்பது படிக்கே மூச்சு வாங்குதாம். எங்க ஹாஸ்டல் மாடிக்கு வந்து பாக்கச் சொல்லுங்க.”

“இருபத்தாறு,” என்றார் டீச்சர்.

“பத்தொம்பது மிஸ்.”

“கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியாதாடி?”

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். “ரெண்டு பேருமே தப்பு. முப்பத்தொண்ணு. மூட்டு வலிக்காரன் நான், படின்னா மறக்க மாட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர் அம்மா சிரிக்காமல் ஒவ்வொரு எண்ணாகக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வோர் எண். வெளியே விட்டவரைப் பிடிக்க, வேண்டுமென்றே.

“நீ சொல்லும்மா. உன்னுதுல எத்தனை?”

தங்கை யோசிக்கவே இல்லை. “நாற்பத்தொண்ணு மேடம்.”

ஆசிரியர் அம்மா ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். நான் எழுதியது, அச்சடித்து. தங்கை படித்தாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது. அப்படிச் சாபம் விடுவது எங்கள் வீட்டில் யார் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அறையில் வேறு யாரும் என்னைப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் நாவல் படிப்பான் என்று எவருக்கும் தோன்றாது.

“நான்தான் எழுதினேன்,” என்றாள்.

நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“நேத்து எழுத்தாளரம்மா வீட்டு ஜன்னல் ஒண்ணு பாக்கி இல்ல. கண்ணாடி குத்தி அவங்க அம்மா ஆஸ்பத்திரியில,” என்றார் ஆசிரியர் அம்மா. “திங்கக்கிழமை போலீஸ் வரும். அவங்ககிட்டயும் இதையே சொல்லு. இப்ப கிளம்பு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க அண்ணன்தானே? நீங்களே கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. அதுதான் அவளுக்கு மரியாதை.”

இருவரும் மாடிப்படி இறங்கினோம். கேட்டருகே வந்ததும் அடையாள அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

“இப்பவே மேல போய்ச் சொல்லிடுறேன்,” என்றேன்.

“அங்க உக்காந்திருந்தப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?”

அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“போலீஸ் என் ஃபோனை நோண்டுவாங்கண்ணா. அதுல ஒண்ணும் இருக்காது. அப்புறம் எங்க தேடுவாங்கன்னு உக்காந்து யோசி. உனக்குத்தான் ராத்திரி பூரா நேரமிருக்கே.”

“அம்மாகிட்ட என்ன சொல்லுவ?”

“நீயே வந்து சொல்லு.”

வெளியே போனாள். மேலே ஜன்னலில் ஆசிரியர் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.