வண்டியடியில் ஒரு தூக்குவாளி

ஜெருஷா பெல் விடியலில் பசுவைக் கறந்ததும், குடித்தது போக எஞ்சிய பாலை மூடியிட்ட தூக்குவாளியில் ஊற்றி, வண்டியின் அடியில் கட்டித் தொங்கவிடுவாள். பகலெல்லாம் வண்டி குலுங்குவதில், மாலையில் மாடுகளை அவிழ்க்கும்போது வெண்ணெய் திரண்டிருக்கும். வண்டித்தொடரோடு மிசூரி ஆற்றங்கரையை விட்டு மேற்கே புறப்பட்ட ஐம்பது நாட்களில், வண்டி ஓடிய ஒருநாளும் அவள் இதைத் தவறவிட்டதில்லை.

பசுவும் வண்டியும் உடன் பயணிக்கும் தாக்கரி என்பவருடையவை. அவருடைய எருதுகளை ஓரிகன் வரை ஓட்டிச் செல்வது அவள் கணவன் ஈபனின் வேலை. இருவருக்கும் உணவு கிடைக்கும், ஊர் போய்ச் சேரலாம், அதுவே கூலி.

முந்தைய நாள் நண்பகலில் ஈபனுக்கு வாந்திபேதி கண்டது. விடிவதற்குள் கண்கள் குழிந்து, விரல்கள் நீலம் பாய்ந்துவிட்டன.

அவனுக்காக நிற்பதா, புறப்படுவதா என்று முடிவுசெய்யக் காலையில் ஆண்கள் கூடினார்கள். வண்டி உடையவர்கள் மட்டுமே கை தூக்கலாம். பதினேழு கைகளும் புறப்படுவதற்கே உயர்ந்தன.

"ஐயா, உங்க மகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் நின்னோமே," என்றாள் ஜெருஷா.

தாக்கரி தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "அங்க புல்லு இருந்துச்சும்மா. இங்க மாடு எதைத் தின்னும்? மலையைத் தாண்டுறதுக்கு முன்ன பனி விழுந்துட்டா அத்தனை பேரும் தொலைஞ்சோம்."

"வண்டியில படுக்கப் போட்டுக்கலாமே?"

"உள்ள பிள்ளைங்க இருக்கு. காவலுக்கு ஒரு ஆளை விட்டுட்டுப் போறோம். முடிஞ்சதும் அவன் குதிரையில வந்து சேர்ந்துக்குவான். நீ ஏறிக்கோ."

காவலாளுக்குப் பின்னால் குழி வெட்டும் வேலை மிஞ்சக்கூடாதென்று, இருவர் அப்போதே மண்வெட்டியோடு ஆற்றோர வில்லோ மரத்தடிக்குப் போனார்கள். பத்தடி தொலைவில் கம்பளிமேல் கிடந்த ஈபன் தலையைத் திருப்பினான்.

"என்ன சத்தம்?"

"தண்ணிக்கு ஊத்துத் தோண்டுறாங்க."

"ஆத்தங்கரையில உக்காந்துகிட்டா? நல்ல புத்திசாலிங்க." அவன் உதடு சிறிது கோணியது. பிறகு, "செவலையை இடப்பக்கமே பூட்டச் சொல்லு. மாத்திப் பூட்டினா வண்டியைக் குடை சாய்ச்சிடும்," என்றான்.

அவள் போய் அப்படியே சொன்னாள். செவலை எருதை இடப்பக்கம் பூட்டினார்கள். பிறகு அவள் பசுவைக் கறந்தாள். தூக்குவாளியை வண்டியடியில் கட்டி, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

முன்வண்டிகள் நகரத் தொடங்கின. தாக்கரி அவள் ஏறுவதற்காகக் கை நீட்டினார்.

"சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும், எடுத்துக்கோங்க," என்றாள் ஜெருஷா. "காவலுக்கு ஆள் வேண்டாம். நான் இருக்கேன்."