அனுப்ப வேண்டிய பெட்டி

அண்ணன் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளை கட்டிலோரம் மண்டியிட்டிருந்தார். தங்கையின் காதுக்குப் பக்கத்தில், நாலாக மடித்த துண்டின் மேல் ஒரு ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் இறங்கி மேசைக் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. மாப்பிள்ளை துண்டின் இரு ஓரத்தையும் அசையாமல் பிடித்திருந்தார். தங்கை கண்ணை மூடியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் ஒரு தடவை எழும்பித் தணிந்தது.

"இது தேறிடுச்சு," என்றார் மாப்பிள்ளை அவளிடம்.

"என்ன பண்றீங்க இங்க?"

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். "வாங்க மச்சான். கொஞ்சம் இருங்க, இன்னொண்ணு பாக்கி இருக்கு."

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்பவும் இவகிட்ட வேலை வாங்கணுமா?"

"அவதான் கேட்டா."

"பேச்சு நின்னு நாலு நாளாச்சு. எந்த வாயால கேட்டா?"

மாப்பிள்ளை டிஸ்கை நிறுத்தினார். சுழற்சி முழுக்க அடங்கும்வரை அதைத் தொடாமல் காத்திருந்து, பிறகு எடுத்துக்கொண்டு போனார். தங்கையின் விரல் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தது. வலியாக இருக்கும் என்று நினைத்த அண்ணன், நர்ஸுக்குப் போன் போட்டார்.

கூடத்தையும் அடுப்படியையும் விட்டால் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் இவர்கள் இருந்தார்கள், இன்னொன்றில் டிஸ்குகள் இருந்தன. மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் ஓடவிட்டுச் சோதித்து, பழுதில்லாததை மட்டும் ஸ்டூடியோக்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிற வியாபாரம். கம்ப்யூட்டர் நல்லது என்று காட்டிய டிஸ்கையும் தங்கை காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். யாராவது இரண்டு டிஸ்க் கேட்டால், ஒரே லாட்டிலிருந்து, அதாவது ஒன்றாகத் தயாரான தொகுதியிலிருந்து, இரண்டையும் எடுக்கமாட்டாள். "ஒண்ணாப் பொறந்ததெல்லாம் ஒண்ணாவே மண்டையப் போடும்ண்ணா," என்று ஒரு தடவை அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "உன்னச் சொல்லல," என்று சிரித்தாள். உழைப்பு முழுக்க அவளுடையது, மாப்பிள்ளை பெட்டி தூக்குகிற ஆள் என்பது அண்ணனின் தீர்ப்பு. கல்யாணத்துக்கு முன்னால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்: "அளந்து அளந்து பேசுறான். எதையோ மறைக்கிற ஆளு."

அண்ணனுக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. வழியில் உடைந்த சரக்கைப் போய்ப் பார்த்து, வழியில்தான் உடைந்ததா, உடைத்துவிட்டு வழியின்மேல் பழியைப் போடுகிறார்களா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பல வருஷமாக இதே பிழைப்பு. பால் திரிந்தால்கூட இவர் பால்காரரை நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கீழே கொட்டுவார் என்று அவருடைய மனைவி சொல்வாள்.

கையிலிருந்த பையை எங்கே வைப்பது என்று பார்த்தார். சுவரோரம் ஒட்டி முடித்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் வைக்கப் போனார்.

"அதுமேல வேண்டாம்!"

மாப்பிள்ளை குரல் உயர்த்தி அண்ணன் கேட்டதே இல்லை. பை அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை ஓடிவந்து அதை வாங்கித் தரையில் வைத்தார். "மன்னிச்சுக்குங்க. அனுப்ப வேண்டிய பெட்டி."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தங்கையின் கையை எடுத்தார். குச்சியாக இருந்தது. விரலைத் தடவிப் பார்த்தார். அம்மா தன் கையிலிருந்து கழற்றி இவளுக்குப் போட்டுவிட்ட நீலக்கல் மோதிரம் இல்லை. போன மாதம் வந்தபோது இருந்தது. நழுவாமலிருக்க அடியில் நூல்கூடச் சுற்றியிருந்தாள்.

"மோதிரம் எங்க?"

"கழட்டி வச்சிருப்பா."

"எங்க வச்சா?"

"தெரியல மச்சான். இப்ப அதுவா முக்கியம்?"

அண்ணனின் அனுபவத்தில், இப்ப அதுவா முக்கியம் என்று கேட்ட ஒருவரும் சுத்தமான ஆளாக இருந்ததில்லை.

சாயங்காலம், அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போன நேரத்தில், அவள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை அவள் நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். விரல் இப்போது தட்டவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து அண்ணனின் மனைவி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் வருவதும் நிற்பதும் போவதுமாக இருந்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு மாப்பிள்ளையையே பார்த்தார். மனிதர் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினார். இடையிடையே எழுந்து உள்ளறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிணம் கூடத்தில் கிடக்க உள்ளே என்ன காவல் வேண்டியிருக்கிறது?

வாசலில் கூரியர்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். "சார், இன்னிக்கு ஒரு பார்சல் எடுக்கச் சொல்லியிருந்தீங்க. தெரியாம வந்துட்டேன். அப்புறமா வரட்டுங்களா?"

"இல்ல, இருங்க," என்று மாப்பிள்ளை எழுந்தார்.

அண்ணனும் எழுந்தார். உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாப்பிள்ளை அந்தப் பெட்டியைத் தூக்கியிருந்தார்.

"கீழ வைங்க. உள்ள என்ன இருக்கு?"

"நாலு டிஸ்க்."

"பொண்டாட்டிய எடுக்கிற அன்னிக்கே அனுப்பியாகணுமா?"

"ஒரு பிரசவ ஆஸ்பத்திரி மச்சான். எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா பதிவு பண்ணி வச்சிருக்காங்க. அதுல ஒரு பக்கம் போயிடுச்சு. இப்ப மிச்சம் ஒத்தைப் பிரதிலதான் ஓடுது. அதுவும் படுத்தா, அங்க பொறந்த குழந்தைங்க விவரமெல்லாம் போச்சு. இவளப் பாத்துக்கிட்டதுல ஏற்கனவே ஒரு வாரம் தள்ளிப்போச்சு."

அண்ணன் முகவரியைப் படித்தார். ஒரு பெண்ணின் பெயர். "யாரு இந்த அம்மா?"

"ஆஸ்பத்திரி மேனேஜர்."

கேட்டதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களிடமும் இப்படித்தான் இருக்கும்.

"பிரிங்க."

"மச்சான், வெளிய ஆளுங்க இருக்காங்க."

"அதனாலதான் மெதுவாச் சொல்றேன். பிரிங்க."

மாப்பிள்ளை அசையவில்லை. அண்ணன் மேசையிலிருந்த கத்தியை எடுத்தார்.

"கத்தி வேண்டாம்." மாப்பிள்ளையின் குரல் தேய்ந்திருந்தது. "டேப் நுனிய மடிச்சு விட்டிருப்பா. பிடிச்சு இழுத்தா வந்துடும்."

நகம் அளவுக்கு உள்பக்கமாக மடித்திருந்தது. விட்டிருப்பா என்றால் கட்டியவள் தங்கைதான் என்று உறைப்பதற்குள் கை நுனியைப் பிடித்துவிட்டது. ஒரே இழுப்பில் மூடி திறந்துகொண்டது.

எத்தனையோ பெட்டிகளைத் திறந்து குற்றம் கண்டுபிடித்தவர். இதில் ஒரு குற்றமும் தென்படவில்லை. வெள்ளி நிறப் பைக்குள் ஒவ்வொரு டிஸ்க்கும். அதன் அளவுக்கே குடைந்த ஸ்பாஞ்சு. பெட்டியின் அட்டைச் சுவருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இரண்டு விரல் இடைவெளி, அதில் சுருட்டிச் செருகிய காகிதம். அண்ணன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பைகளை உதறினார். அடிவரை கைவிட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை.

ஸ்பாஞ்சுகளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. முதலாவதைக் கத்தரிக்கோல் நேர்க்கோடாக வெட்டியிருந்தது. அடுத்ததில் கோடு லேசாக விலகியிருந்தது. மூன்றாவதில் நின்று நின்று போயிருந்தது. கடைசியை வெட்டியதா பிய்த்ததா என்று சொல்ல முடியவில்லை.

"எப்பக் கட்டினா?"

"போன வாரம். காலைல ஆரம்பிச்சா, விளக்கு வைக்கிற நேரமாயிடுச்சு. கத்தரிக்கோலக் குடுன்னேன், குடுக்கல."

அண்ணன் ஸ்பாஞ்சைக் கீழே வைத்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப மோதிரம்?"

"என்கிட்ட இருக்கு."

கதவைத் திறந்துகொண்டு அண்ணனின் மனைவி நின்றாள். இடுப்பிலிருந்த சின்னப் பர்ஸைத் திறந்து காட்டினாள். நூல் சுற்றியபடியே இருந்தது. "நான் வந்து பாத்துட்டுப் போனேனே, அப்ப குடுத்தா. நம்ம பாப்பாவுக்காம். உங்ககிட்ட சொன்னா, வேண்டாம்னு திருப்பிக் குடுத்துடுவீங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் கூடத்துக்குத் திரும்பிப் போனாள்.

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்க்காமல் டிஸ்குகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். முதல் இரண்டும் உட்கார்ந்தன. மூன்றாவதை வைத்ததும் காகிதச் சுருள் துருத்தியது. அதை எடுத்து வேறு பக்கம் செருகினார். ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஏதோ நகர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மாப்பிள்ளையும் குனிந்து ஒரு கை கொடுத்தார். இரண்டு பேர் கையும் ஒரே பெட்டிக்குள் இடித்துக்கொண்டன.

"எது அடியில இருந்துச்சு?" என்றார் அண்ணன்.

"பாக்கலியே. நான் தூக்குறதோட சரி. கட்டுறது எப்பவும் அவதான்."

எப்படி வைத்தாலும் மூடியின் ஒரு பக்கம் எழும்பி நின்றது. இன்னும் கொஞ்சம் காகிதம் திணித்தார்கள். ஆட்டம் நின்றது. வெளியே கூரியர்காரர் இருமினார்.

"அழுத்திப் பிடிங்க மச்சான்."

அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் மூடியின்மேல் பரப்பி அழுத்தினார். மாப்பிள்ளை டேப்பை இழுத்தபோது எழுந்த கிறீச்சில் கூடத்து அழுகை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஓரங்களில் இரண்டு என்று மாப்பிள்ளை ஒட்டிக்கொண்டே போனார். தேவைக்கு மேலேயே ஒட்டினார். அண்ணனும் போதும் என்று சொல்லவில்லை.

பிறகு அண்ணன் பெட்டியைத் தூக்கினார். "நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

மாப்பிள்ளை அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நம்புவதா என்று அவருக்கும் யோசனையாக இருந்திருக்க வேண்டும். கடைசியில், "படி குறுகல். பாத்து," என்றார்.

கூரியர்காரர் முன்னால் இறங்கினார். கீழே அவளுடைய பழைய வாடிக்கையாளர்கள் போலிருக்கிறது, ஏழெட்டுப் பேர் பூவோடு பேசிக்கொண்டே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர் அண்ணனின் முகத்தையும் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தார். சட்டென்று சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். பின்னால் வந்தவர்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பேச்சு அடங்கியது. திருப்பத்தில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. பெட்டி மறைத்த படியைக் காலால் துழாவி, இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒரு பக்கமும் சாயாமல் இறங்கினார்.