அழிக்க மறந்த பட்டியல்

அந்த வீட்டில் படுக்கையறை என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதில் பாதியை அக்காவின் இரும்புப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் தங்கை கட்டிலைப் போட்டுப் படுத்தாள். பெட்டிகளை ஓடவிட்டால் உள்ளிருக்கும் விசிறிகள் போடும் இரைச்சலில் பேச்சு காதில் விழாது.

"உன் ஹெலிகாப்டர் எப்பக்கா தரையிறங்கும்?" என்பாள் தங்கை, தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு.

"இன்னும் பத்தே நிமிஷம்டி."

அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாக நீளும் என்பது இருவருக்குமே தெரியும்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் ஹெல்ப் டெஸ்க் வேலை. எந்த வார்டில் கணினி மக்கர் செய்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் டெஸ்க்கம்மா. எட்டு வருஷமாகப் புகாரை எழுதி வாங்குவதும், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சர்வர் அறையில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரிடம் கைமாற்றி விடுவதுமாகவே பிழைப்பு ஓடியது. அந்தக் கதவுக்குள் போய் வேலை பார்க்க வேண்டுமென்றால் நெட்வொர்க்கிங் சர்ட்டிஃபிகேட் வேண்டும். அதற்கான தேர்வுக்குத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை மட்டும் உருப்போட்டால் கதைக்காகாது, கை பழக வேண்டும். போன வருஷம் மருத்துவமனை பழைய ஸ்விட்சுகளைக் காயலான் விலைக்குத் தள்ளிவிட்டபோது, முறைப்படி எழுதிக் கொடுத்து கேட் பாஸ் வாங்கி மூன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. ஒரு தளத்திலுள்ள கணினிகளின் கம்பிகளெல்லாம் வந்து செருகிக்கொள்ளும் தட்டையான பெட்டி.

ஒரே கட்டடத்தில் ஒரே கம்பியில் எல்லோருடைய தகவலும் ஓடினாலும் மருந்தகத்தின் பாதை வேறு, தீவிர சிகிச்சைப் பிரிவின் பாதை வேறு, ரத்த வங்கியின் பாதை வேறு. ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களின் பட்டியல் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி ஓடும். வீட்டில் அவள் செய்த பயிற்சி முக்கால்வாசி இதுதான். பாதை போடுவாள், அழிப்பாள், மறுபடி போடுவாள். எண்ணோடு ஒரு பெயரும் வைக்க வேண்டும் என்பதால் வாய்க்கு வந்ததை வைத்தாள். இப்படியே பதினோரு மாதம் ஓடியது. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது மாடி வார்டின் ஸ்விட்ச் புகைந்து நின்றது. புதியது வர இரண்டு நாளாகும் என்று சப்ளையர் கையை விரித்துவிட்டார். இன்ஜினியர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நெற்றியைத் தேய்த்தபடி நின்றார். இரண்டு வார்த்தை தாண்டினால் எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் பாதியில் விட்டுவிடுகிறவர் என்பதால் அவருக்கு 'அரைவார்த்தை' என்று பெயர்.

"ரெண்டு நாள் வார்டு சும்மா…" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "சார், அதே மாடல் என்கிட்ட ஒண்ணு இருக்கு. வீட்டுல."

"வேலை செய்யுதா?"

"தினமும் ஓட்டுறேன் சார்."

"சரி, க்ளீன் பண்ணிட்டு…"

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். பெட்டியை ஓடவிட்டு, அமைப்புகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்து, நிறுத்தி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். துடைத்துவிட்டது போலிருந்தது. துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். இன்ஜினியர் லேப்டாப்பை மாட்டி மூன்றாவது மாடிக்கு வேண்டிய அமைப்புகளை ஏற்றினார். பிறகு பெட்டியை அவளிடமே நீட்டினார்.

"நீங்களே போய்…"

எட்டு வருஷத்தில் அவர் அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை அதுதான்.

மூன்றாவது மாடி நர்ஸ்கள் மேசைக்குப் பின்னால் சுவரலமாரி ஒன்றில்தான் ஸ்விட்சுக்கு இடம். அதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்த தங்கைக்கு அன்று அந்த வார்டில்தான் டியூட்டி. அக்கா பெட்டியைத் திருகி மாட்டி, வார்டுக் கம்பிகளையெல்லாம் செருகி, கடைசியாகக் கீழே சர்வர் அறைக்குப் போகும் நீலக் கம்பியைக் கடைசித் துளையில் செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"பரவாயில்லையே, உன் ஹெலிகாப்டர் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கு," என்றாள் தங்கை.

அக்கா சிரித்துக்கொண்டே அலமாரியைச் சாத்தினாள். சாத்திய கையை எடுக்கவில்லை, போன் அடித்தது. மருந்தகம். "டெஸ்க்கம்மா, மருந்துச் சீட்டு எதுவும் ஸ்கிரீன்ல திறக்கல." வைப்பதற்குள் அடுத்தது, அட்மிஷன். அதற்கடுத்தது பரிசோதனைக் கூடம். நாலாவதாகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் சிஸ்டர். "எல்லா பெட்டையும் சேர்த்துக் காட்டுற நடு ஸ்கிரீன் கருப்பாயிடுச்சு. பெட் பக்கத்துல இருக்கிற மானிட்டர் மட்டும் ஓடுது. ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு ஆளை நிறுத்தியிருக்கேன். சீக்கிரம் பாருங்க."

லிஃப்டுக்காக நிற்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் தானாக நின்றுவிட்டது. புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஓர் எச்சரிக்கை கண்முன் வந்தது. அவளே பென்சிலால் அடிக்கோடு போட்ட பக்கம். அழிக்கும் கட்டளை அமைப்புகளைத்தான் அழிக்கும், பாதைப் பட்டியலை அழிக்காது. அது தனிக் கோப்பு, தனியாக அழிக்க வேண்டும். பழைய பெட்டிகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே குழுப் பெயர் கொண்ட பெட்டிகளில் எதன் பட்டியல் அதிக முறை திருத்தப்பட்டதோ, அதுவே சரியென்று மற்றவை எல்லாம் அதை நகலெடுத்துக்கொள்ளும். அவளுடைய பெட்டி இதே மருத்துவமனையிலிருந்து வந்தது. குழுப் பெயரை அவள் மாற்றவே இல்லை. மருத்துவமனைப் பட்டியலை வருஷக்கணக்கில் யாரும் தொட்டதில்லை. அவளோ வீட்டில் நூற்றுக்கணக்கான முறை போட்டுப் போட்டு அழித்திருந்தாள்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள்.

சர்வர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. இன்ஜினியர் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, எல்லாத் தளங்களையும் இணைக்கும் நடுப்பெட்டியின் முன்னால் நின்றார்.

"நடுப்பெட்டிதான். பழசாயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணிட்டு…" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே பின்பக்கம் மின் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

அணைத்தால் அது எழுந்து வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். வந்தாலும் தப்பான பட்டியலோடுதான் வரும். இப்போது அரைகுறையாக ஓடுகிற அறுவை அரங்கின் போன்களும் அதுவரை செத்துக் கிடக்கும். ஆனால் பழி நடுப்பெட்டி தலையில் விழுந்துவிடும். அல்லது 'பட்டியலை ஒரு தடவை பாருங்க சார்' என்று மட்டும் சொல்லலாம். யார் அழித்தது என்று இந்தக் களேபரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? இத்தனையும் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரத்துக்குள் அவள் மனசில் ஓடியது. ஓடியதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

"சார், அணைக்காதீங்க."

அவர் திரும்பவில்லை. "ஏன்?"

"நடுப்பெட்டி நல்லாத்தான் இருக்கு. பாதைப் பட்டியல் போயிடுச்சு. என் பெட்டிதான் அழிச்சிருக்கு. அமைப்பை மட்டும் அழிச்சேன், பட்டியலை அழிக்க மறந்துட்டேன்."

பொத்தான் மேலிருந்த விரல் விலகியது. அவர் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளையைத் தட்டினார். இருபத்தாறு பாதைகள் வர வேண்டிய இடத்தில் நாலே நாலு வரிகள் வந்தன. சமையலறை. கட்டில். சோதனை. கடைசி வரியில் ஹெலிகாப்டர்.

"ஹெலிகாப்டரா?" என்றார்.

"என் தங்கச்சி வெச்ச பேரு சார்."

மறைத்திருந்தாலும் அரை நிமிஷம் தாங்கியிருக்காது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காது மடல் வரை சூடேறியது. அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"முதல்ல உங்க பெட்டியை…"

அவள் தங்கைக்குப் போன் போட்டாள். "அலமாரியைத் திற. கடைசி ஓட்டையில நீல ஒயர் இருக்கும். உருவு."

"அக்கா, இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா? யாருக்கு எந்த மருந்துன்னு ஒண்ணும்…"

"தெரியும்டி. உருவிடு. அப்புறம் திட்டு."

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "உருவிட்டேன்."

அதன் பிறகு அவளும் இன்ஜினியரும் பேசிய பேச்சு முழுக்க எண்கள்தான். நடுப்பெட்டியில் எழுதி வைத்திருந்த பழைய அமைப்பிலிருந்து பாதை எண்களை அவள் ஒவ்வொன்றாகத் தேடி வாசிக்க, அவர் தட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முதலிடம். அந்த சிஸ்டர் போனில் "வந்துடுச்சு" என்றபோது இவள் கண்ணில் நீர் முட்டியது. துடைக்க நேரமில்லாமல் அடுத்த எண்ணை வாசித்தாள். அறுவை அரங்கம். மருந்தகம். வார்டுகள். இருபத்தைந்து வந்துவிட்டன. ரத்த வங்கியின் எண் மட்டும் எங்கே தேடியும் இல்லை.

"அது அடித்தளப் பெட்டியிலதான். நேர்ல போய்…" என்று அவர் எழுந்தார்.

"நீங்க இங்க தட்டணும் சார். நான் போறேன்."

லேப்டாப்பையும் பெட்டியோடு நேராகப் பேசும் கேபிளையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அடித்தளத்து ரத்த வங்கி ஜன்னலில் அறுவை அரங்கத்து ஆள் சீட்டை நீட்டியபடி தவித்துக்கொண்டிருந்தார். உள்ளே டெக்னீஷியன் பெண் கனத்த பதிவேட்டை விரித்து, பையிலிருந்த எண்ணை விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்மா, டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"கேக்கட்டும். கையால ரெண்டு தடவை பார்க்காம ஒரு பை வெளிய போகாது."

டெஸ்க்கம்மா மேசைக்கடியில் மண்டியிட்டுத் தவழ்ந்து பெட்டியைத் தொட்டாள். கேபிளைச் செருகினாள். அவசரத்தில் முதல் கட்டளையில் எழுத்துப் பிழை. இரண்டாவது முறை சரியாக வந்தது. வரிகள் மேலே ஏறின. போனைக் காதில் வைத்தாள்.

"நாற்பத்தேழு சார்."

"நாற்பத்தேழு," என்றார் அவர். கீபோர்டு சத்தம் கேட்டது.

மேசைக்கடியிலிருந்து அவளுக்கு டெக்னீஷியனின் செருப்புக் கால் மட்டும் தெரிந்தது. அது அசையாமலே இருந்தது. பிறகு குதிகால் மெல்ல உயர்ந்தது.

"வந்துடுச்சு," என்றாள் அந்தப் பெண். "ஒத்துப்போகுது. எடுத்துட்டுப் போங்க."

மொத்தம் நாற்பத்தொரு நிமிஷம். ஒரு நோயாளிக்கும் எதுவும் ஆகவில்லை. நர்ஸ்களும் அந்த ரத்த வங்கிப் பெண்ணும் காகிதத்தையும் கண்ணையும் நம்பி நின்றதால்தான் ஆகவில்லை.

சாயங்காலம் கண்காணிப்பாளர் அறையில் விசாரணை. அவள் எதையும் குறைக்காமல் சொன்னாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியை எப்படி மாட்டினீர்கள் என்று கண்காணிப்பாளர் அம்மாள் கேட்டபோது இன்ஜினியர் குறுக்கிட்டார்.

"அதை மாட்டுறதுக்கு முன்னாடி பட்டியலைப் பார்க்க வேண்டியது என் வேலை மேடம், நான் பார்க்கல, அதனால எழுதுறதா இருந்தா ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க."

அவர் இவ்வளவு நீள வாக்கியத்தை முழுதாக முடித்து அவள் கேட்டது அன்றுதான்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளுக்கு மட்டும் கூடுதலாக, மூன்று மாதம் சர்வர் அறைப் பக்கமே போகக் கூடாது என்று ஒரு வரி.

வீட்டுக்கு வந்த தங்கை செருப்பைக் கழற்றியதும் நேராகக் கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் இறுகியிருந்தது.

"எட்டாம் பெட்ல ஒரு தாத்தாவுக்கு எத்தனை மணிக்கு ஊசி போட்டோம்னு ஸ்கிரீன்ல பார்க்க முடியல. என் கையில பேனாவால குறிச்சிருந்தேன், அதை வெச்சு சமாளிச்சேன். கை கழுவியிருந்தா போயிருக்கும்க்கா."

அக்கா தேர்வுப் புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள்.

"தேர்வுக்குப் போகலடி," என்றாள். "எனக்கு இது சரிப்படாது."

"அதெல்லாம் முடியாது." தங்கையின் குரல் இறங்கவே இல்லை. "பாதி தெரிஞ்சுக்கிட்டு அங்க உட்கார்ந்திருக்கிறதுதான் எனக்குப் பயம். முழுசா படிச்சுட்டுப் போ. நான் ஹால்ல படுத்துக்கிறேன்."

சொன்னபடியே பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டுக் கொடுத்தாள்.

தேர்வை அவள் எழுதினாள். பிரமாதமான மதிப்பெண் என்று சொல்ல முடியாது, தேறினாள். சர்ட்டிஃபிகேட் வந்த பிறகும் தடை முடிய இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கியிருந்தது. அதுவரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தாள். தடை முடிந்த மறுநாள் இன்ஜினியர் ஒரு தாளை மேசையில் வைத்தார். மருத்துவமனையிலுள்ள எல்லா ஸ்விட்சுகளின் பெயர்களும் அதில் இருந்தன. ஒன்றையொன்று கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கும் அந்தப் பழைய பழக்கத்தை ஒவ்வொன்றிலும் அணைக்க வேண்டும்.

"இதை நீங்க…" என்றார்.

நாலு நாள் பிடித்தது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் உட்கார்ந்து, தட்டியதை இரண்டு முறை வாசித்த பிறகே என்டரைத் தொட்டாள்.